வலது காது உங்களுக்கு

நல்லம்பள்ளி,
ஆவணி 8.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் ரஞ்சித்குமார் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை காவியாவைக் கட்டிய முனிராஜ் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் காவியாவும் பாப்பா பிரியதர்ஷினியும் தங்கள் தாயார் காசியம்மாளும் இரண்டு கறவை மாடுகளும் சுகம். ஓசூரில் தாங்களும் அக்காவும் தங்கள் மினி லாரியும் சுகமாக இருக்க எங்கள் முனியப்பன் துணை நிற்பாராக. அனுப்புநர் பெயரைப் பார்த்ததும் தாங்கள் இதைக் கிழிக்கப் போவீர்கள் என்று தெரியும். கிழித்தாலும் குறுக்கே கிழியுங்கள், சேர்த்து வைத்தாவது படிக்கலாம்.

இந்தக் காலத்தில் எவன் கடுதாசி எழுதுகிறான் என்று கேட்பீர்கள். நான் என்ன செய்வது மச்சான்? வாட்ஸ்அப்பில் பிளாக் செய்தீர்கள். போனில் பிளாக் செய்தீர்கள். காவியா போனிலிருந்து கூப்பிட்டால், என் "ஹலோ" காதில் விழுந்ததுமே "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டீர்கள். தபாலை யாரும் பிளாக் செய்ய முடியாது என்று கண்டுபிடித்து, கவர் வாங்க நல்லம்பள்ளி தபாலாபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரிஜிஸ்தர் பண்ணோணுமா? என்னாங்க, கேஸா?" என்று கேட்டார்கள். "கேஸெல்லாம் இல்லீங்க, மச்சானுக்கு" என்றேன். "அப்ப கேஸுதான்" என்று அவர்களே முடிவு செய்து கவரைக் கொடுத்தார்கள். நான் கடைசியாக எழுதிய கடிதம் எட்டாம் வகுப்பில், காய்ச்சல் என்று எழுதிய லீவ் லெட்டர். அது பொய். இதில் பொய் கிடையாது. எங்காவது இருந்தால் ஞாபகப் பிசகு என்று எடுத்துக்கொள்ளவும்.

நேரில் வராமல் பேப்பரில் வருகிறானே என்று நினைக்காதீர்கள். ஆனி மாதம் ஓசூர் வந்தேன். தங்கள் தெருமுனை வரைக்கும் வந்தேன். வாசலில் லாரி நின்றது. தாங்கள் பனியனோடு டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பக்கத்து வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. நாய்க்குப் பயந்துதான் திரும்பி வந்தேன். அது கட்டிப் போட்டிருந்த நாய்தான், அது வேற விஷயம்.

விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவுக்குப் பதினோராம் மாதம் நடக்கிறது. ஆவணி 21-ஆம் தேதி காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முனியப்பன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக முடிவாகியிருக்கிறது. காது குத்த வேண்டுமானால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் ஓசூரில் இருக்கிறார், நல்லம்பள்ளிக்கு வரமாட்டேன் என்கிறார். தங்கள் தங்கையோ, "எங்கண்ணன் மடி இல்லாம எம்புள்ள காதுல ஒரு ஊசி எறங்கிருச்சின்னா பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சமையல்கட்டும் அந்தப் பக்கம்தான், எனக்குச் சோறு ஜன்னல் வழியாகத்தான் வருகிறது. தங்களைக் கூப்பிடும்படி அவளிடமே கெஞ்சினேன். "எங்கண்ணன் சொல்லிருச்சு, மைக்குல சொன்னவன் வாயாலயே கூப்புடட்டுமின்னு. நானென்ன தரகரா?" என்கிறாள்.

அந்த மைக் விஷயத்தை நான் விளக்கியே ஆக வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், தாங்களே நீதிபதியாக இருந்து தீர்ப்புச் சொல்லுங்கள். போன ஐப்பசியில் பாப்பா ஏழாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்தபோது ஒரு கிலோ இருநூறு கிராம். அடைமழை. ஆம்புலன்ஸ் வரும் பாதையில் மரம் விழுந்து கிடந்தது. தாங்கள்தான் தக்காளிக் கூடைகளை ரோட்டிலேயே இறக்கிவிட்டு, அந்த லாரியில் காவியாவைப் போட்டுத் தருமபுரி டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீர்கள். இல்லை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. அங்கே பச்சைப் பிள்ளைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டி ஆறு இருந்தது. ஆறும் சினிமாக்காரத் தம்பதி ஒன்று வாங்கிக் கொடுத்தது. அவர் இளந்திரையன், எந்தப் படத்திலும் இடைவேளைக்கு முன்னாலேயே செத்துப்போகிற அப்பா. அவர் சம்சாரம் நிவேதனா, ஒன்பது வருஷமாக ஒரே சீரியலில் ஒரே குடும்பத்தைப் பிரித்துக்கொண்டிருப்பவர். நம் குடும்பத்தைப் பிரிக்க அந்தம்மா வரவில்லை, அந்த வேலையை நானே பார்த்துக்கொண்டேன் என்பது பின்னால் வரும்.

அவர்கள் பிள்ளையும் குறைமாதத்தில் பிறந்து பெட்டியில் கிடந்து பிழைத்ததாம். அதிலிருந்து நகைக்கடை, ஜவுளிக்கடை என்று எதைத் திறந்து வைத்தாலும் அந்த வருமானம் எங்காவது ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுமாம். நல்ல மனசு மச்சான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் நன்றிக்காக ஒவ்வொரு பெட்டியிலும் அவர்கள் இருவரும் சிரிக்கிற ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள். நாற்பத்தொரு நாள் நான் பிள்ளையைப் பார்த்தபோதெல்லாம் அந்தச் சிரிப்பையும் சேர்த்தே பார்த்தேன். தங்கள் தாயார் மூன்றாம் நாளே அந்த ஸ்டிக்கருக்குத் திருநீறு பூசப் போனார்கள். நர்ஸ் பிளசி சிஸ்டர் ஓடி வந்து கையைப் பிடித்து, "ஆயா, கும்புடறதுன்னா வெளிய போயி கும்புடுங்க. திருநீறு உள்ள போனா புள்ளைக்கி ஆவாதுங்க" என்று சத்தம் போட்டது தங்களுக்கே தெரியும். அன்றைக்குத் தாங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அப்புறம் தாங்கள் என் முன்னால் சிரிக்கவே இல்லை.

தை மாதம் ஆஸ்பத்திரியில் விழா வைத்தார்கள். அந்தத் தம்பதியே வந்திருந்தார்கள். பிழைத்த பிள்ளைகளின் பெற்றோரில் ஒருவர் பேச வேண்டும் என்று கேட்டபோது என் சித்தப்பா சென்னப்பன், "எங்க முனிராஜு பிரமாதமா பேசுவான்" என்று என்னைப் பிடித்து மேலே தள்ளிவிட்டார். நான் எங்கே பிரமாதமாகப் பேசினேன் மச்சான்? பஞ்சாயத்து மீட்டிங்கில் ஒரே ஒரு தடவை எழுந்து "தண்ணி வல்லீங்க" என்று சொல்லியிருக்கிறேன். மேடையில் ஏறினால் எதிரே அறுநூறு தலை. மைக்கில் நான் ஒன்று சொன்னால் அது நாலாகத் திரும்பி வருகிறது. நிவேதனா அம்மா பாப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப எத்தனை கிலோ?" என்று கேட்டார்கள். என்ன சொல்கிறோம் என்று தெரியாமல், "ஒரு தாய்மாமன் செய்ய வேண்டியதை இந்த சார் செய்திருக்கிறார். இன்றிலிருந்து என் மகளுக்குத் தாய்மாமன் இவர்தான்!" என்று சொல்லிவிட்டேன். அறுநூறு பேரும் கை தட்டினார்கள். கை தட்டியதும் புத்தி கெட்டுப்போய் அதையே இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

தாங்கள் பின்னால், தண்ணீர் கேன் பக்கத்தில், காவியாவுக்குக் கொண்டு வந்த டிபன் கேரியரோடு நின்றதை நான் பார்க்கவில்லை. சரி, பார்த்தேன். இரண்டாம் தடவை சொன்ன பிறகு பார்த்தேன். அப்புறம் இறங்கி வந்து தேடினால் கேரியர் இருந்தது, தாங்கள் இல்லை.

அதோடு போயிருந்தால் காலில் விழுந்தாவது சரிசெய்திருப்பேன். சென்னப்பன் சித்தப்பா விடுவாரா? நான் பேசியதைப் போனில் பிடித்து, பின்னால் நாதஸ்வரம் போட்டு, தருமபுரி மாவட்டத்துக்கே அனுப்பிவிட்டார். தங்களுக்கும் அது பதினான்கு குரூப்பிலிருந்து வந்ததாகக் காவியா சொன்னாள். போதாததற்குக் காதுகுத்துப் பத்திரிகை அடிக்கும் பொறுப்பையும் அவரே பிடுங்கிக்கொண்டார். பத்திரிகை வந்ததைப் பார்த்தால் முன்பக்கம் முழுக்க இளந்திரையனும் நிவேதனாவும், "தாய்மாமன் – அத்தை" என்று பெரிய எழுத்தில். பாப்பா படம் கீழே ஒரு தபால்தலை அளவுக்கு. என் பெயரைக் காணவே காணோம். "அப்பன் பேரு எங்க சித்தப்பா?" என்றால், "எடம் பத்தலடா, ஒன்னியத்தான் ஊருக்கே தெரியுமே" என்கிறார். மரியாதைக்கு ஒரு பத்திரிகையைச் சென்னைக்கும் அனுப்பினார். சினிமாக்காரர் எங்கே வரப் போகிறார் என்ற தைரியம்தான்.

மூன்றாம் நாள் போன் வந்தது. இளந்திரையன் சாரே பேசினார். "என்னை யாரும் இதுவரைக்கும் தாய்மாமன்னு கூப்பிட்டதில்லைங்க. நானும் நிவேதனாவும் சீரோட வந்துடறோம்" என்றார். நான் "சரிங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவர் அப்பாவாக நடித்திருக்கிறார், ஜட்ஜாக நடித்திருக்கிறார், தாய்மாமனாக நடித்ததில்லையாம். அதுக்கோசரம் தாய்மாமன் என்றால் என்ன என்று பார்த்து எழுதிக்கொண்டு வரச்சொல்லி குரு என்ற தன் மேனேஜரை இங்கே அனுப்பிவிட்டார். அந்த ஆள் ஒரு நோட்டோடு வந்து தங்கள் தாயார் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, தாய்மாமன் கேரக்டர் எப்படிங்க?" என்றார். "கேரக்டரு என்னா கேரக்டரு? மடியில வெச்சுக்கோணும். ஊசி எறங்கறப்ப புள்ள திமிறாம புடிச்சுக்கோணும். புள்ள அழுவும். மாமனும் அழுவான்" என்றார்கள். குரு எழுதிக்கொண்டார். "மாமன் அழறது எந்த நேரத்துலங்க? குத்தறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? சாருக்குக் கிளிசரின் எடுத்து வெக்கணும்." தங்கள் தாயார் அவரை ஒரு பார்வை பார்த்தார்கள். "தம்பி, அது தானா வரும். வல்லீன்னா அவன் மாமனே இல்ல." குரு அதையும் எழுதிக்கொண்டார். சந்தேகம் இருந்தால் கேட்பதற்கு ஒரு போன் நம்பர் வேண்டும் என்றார். தங்கள் தாயார் ஏதோ ஒரு நம்பர் கொடுத்தார்கள், நான் அப்போது மாடு கறக்கப் போய்விட்டேன்.

இதற்குள் ஊரில் சேதி பரவிவிட்டது. பாப்பாரப்பட்டியிலிருந்து மூன்று வேன் வருகிறதாம். வத்தல்மலையிலிருந்து நமக்குச் சொந்தமே இல்லாதவர்கள், "நாங்களும் ஒரு வகையில் பங்காளிதான்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். முந்நூறு இலை என்று சொல்லியிருந்த சமையல்காரர் ராஜாமணி, ஆயிரத்து ஐந்நூறு இல்லாமல் அடுப்பே பற்ற வைக்க மாட்டேன் என்கிறார். இளந்திரையன் சார் மடியிலேயே தம் பிள்ளைக்கும் காது குத்திக்கொள்ளலாமா என்று பதினோரு வீட்டில் கேட்டு, சித்தப்பா பதினோரு பேருக்கும் டோக்கன் கொடுத்துவிட்டார். அதில் ஒரு பிள்ளைக்கு வயது பத்தொன்பது. ஏற்கெனவே காது குத்திய பெண். மறுபடி எதற்கு என்றால், "அது தூர்ந்து போச்சுங்க" என்கிறாள், காதில் கம்மல் தொங்குகிறது.

ஆக, மச்சான், ஒரு பக்கம் சினிமா மாமன் வருகிறார், அவரை வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என் பிள்ளை மூச்சு விட்ட பெட்டி அவர் கொடுத்தது. இன்னொரு பக்கம் சொந்த மாமன் வரவில்லை, அவர் வராமல் என் பொண்டாட்டி கதவைத் திறக்க மாட்டாள். நேற்று சித்தப்பா வீட்டில் பெரியவர்கள் எல்லாம் உட்கார்ந்து பேசினோம். காப்பி மூன்று சுற்று வந்தது. கடைசியில் சித்தப்பா ஒரு வழி சொன்னார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் யோசித்துப் பார்த்தால் அதைத் தவிர வழியே தெரியவில்லை. பிள்ளைக்குக் கடவுள் எத்தனை காது கொடுத்திருக்கிறார்? இரண்டு. மாமன் எத்தனை பேர்? இரண்டு. ஆளுக்கு ஒரு காது.

வலது காது உங்களுக்கு. இதில் யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது என்று நான் அடித்துச் சொல்லிவிட்டேன். ஒன்பதே காலுக்குத் தாங்கள் வலது காதை முடித்துக் கொடுத்தால், ஒன்பது நாற்பதுக்கு அவர் இடது காதை முடித்துக்கொள்வார். நடுவில் பாப்பாவுக்குப் பால். சீர் ஊர்வலத்தில் தாங்கள் முன்னால், அவர் பின்னால், இரண்டுக்கும் தனித்தனிப் பம்பை. போட்டோவில் மட்டும் இருவரும் சேர்ந்து நின்றால் போதும், பேசிக்கொள்ள வேண்டியதில்லை. காது குத்துகிற ஆசாரி மட்டும் முரண்டு பிடிக்கிறார். "ஒரு காது குத்தன பொறவு புள்ள இன்னொரு மடிக்கி வருமா? எங்கையக் கடிச்சி வெச்சிரும்ங்க" என்கிறார். அவரைச் சித்தப்பா பார்த்துக்கொள்வார். இந்த ஏற்பாட்டைக் கதவுக்கு வெளியே நின்று காவியாவிடம் சொன்னேன். நேற்று ராத்திரி ஜன்னல் வழியாகச் சோறு வரவில்லை.

தாங்கள் தயவுசெய்து சம்மதம் என்று ஒரு வரி எழுதிப் போட வேண்டும். வலது பிடிக்காவிட்டால் இடது என்று எழுதினாலும் சரி, மாற்றிக்கொள்ளலாம். நான் மைக்கில் பேசியது நன்றி மிகுதியில் வந்ததே தவிர வேறு எந்த எண்ணமும் இல்லை, மேடையில் எக்கோ அதிகம், வெயில் வேறு, காலையில் சாப்பிடவும் இல்லை. இதையெல்லாம் தாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பாப்பா மாமனைக் கேட்டதாகச் சொல்லவும், அவள் இன்னும் எதையும் கேட்கிற வயசில் இல்லை என்றாலும். தாங்கள் பல்லாண்டு நோய் நொடி இல்லாமல், டயர் பஞ்சர் இல்லாமல், லோடு குறையாமல் வாழ முனியப்பனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மாப்பிள்ளை,
ப. முனிராஜ்.

பின்குறிப்பு (ஆவணி 9, மதியம்): மேலே எழுதியது எதுவும் செல்லாது. கவரை ஒட்டி எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குக் கிளம்பினேன், வாசலில் தங்கள் லாரி வந்து நின்றது. தாங்கள் என்னைப் பார்க்காத மாதிரி என்னைத் தாண்டி உள்ளே போனீர்கள். அந்தக் கதவு ஒரே தட்டில் திறந்தது, தாங்கள் உள்ளே போனதும் மறுபடி சாத்திக்கொண்டது. இப்போது தாங்கள் உள்ரூமில் பாப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் வெளியே உட்கார்ந்து ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். தாங்கள் காவியாவிடம் சொன்னது அத்தனையும் கதவு வழியாகக் கேட்டது. தங்கள் தாயார் குருவுக்குக் கொடுத்த நம்பர் தங்களுடையதாம். முந்தாநாள் இளந்திரையன் சாரே கூப்பிட்டு, "உங்க வேஷத்தை என்னைக் கட்டச் சொல்லியிருக்காங்க, கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்று கேட்டாராம். மழையில் லாரி ஓட்டி வந்ததையும், ரத்தம் கொடுத்ததையும், நாற்பத்தொரு நாள் ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் லாரிக்குள்ளேயே படுத்துக் கிடந்ததையும், பாப்பா முதல் தடவை நூறு கிராம் ஏறியபோது பிளசி சிஸ்டர் ஓடி வந்து சொன்னதையும் தாங்கள் சொன்னீர்களாம். அதற்கு அவர், "சார், இது என்னால நடிக்க முடியாது. நீங்க போயி உக்காருங்க. நானும் நிவேதனாவும் வந்து பந்தியில உக்காந்துக்கறோம்" என்றாராம்.

மச்சான், காது இரண்டும் உங்களுக்குத்தான். டோக்கன் வாங்கியவர்களில் பத்துப் பேரிடம் நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன், அந்தப் பத்தொன்பது வயசுப் பெண்ணிடம் சித்தப்பா சொல்லட்டும். மைக்கில் எக்கோ இருந்தது உண்மை. வெயில் இல்லை. காலையில் நான்கு தோசை சாப்பிட்டிருந்தேன். நாற்பத்தொரு நாளும் தாங்கள் லாரியில் படுத்திருந்தபோது நான் உள்ளே பெஞ்சில் படுத்திருந்தேன், வெளியே வந்து ஒரு தடவைகூட "சாப்ட்டீங்களா" என்று கேட்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் தங்களைத் தாண்டி ஸ்டிக்கரில் இருந்தவருக்கு நன்றி சொன்னேன். அவருக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. இத்தனை பக்கம் எழுதியும் எழுத வேண்டிய ஒரு வார்த்தையை எழுதவில்லை. என்னை மன்னிச்சிருங்க மச்சான். முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது, அதனால் இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். படித்துவிட்டு ஒன்றும் பேச வேண்டாம், சாப்பிட வாங்க. இலை போட்டு நான்தான் பரிமாறப் போகிறேன்.